ஊத்துக்குளியில் இறக்கிவிட்ட புள்ள

நாள் 1: சென்ட்ரல்

அம்மாவுக்கு 91 வயது. வீல்சேர் வேண்டவே வேண்டாமென்று அடம்பிடித்து, என் தோளைப் பிடித்தபடியே நடந்து வந்து கோவை எக்ஸ்பிரஸில் ஏறினாள். ஏறுவதற்கு முன் புறநகர் ரயில் நிலையம் இருக்கிற பக்கமாகக் கையை நீட்டி, "அங்கதான்டா சிங்கம் இருந்துச்சு" என்றாள். பக்கத்தில் நின்ற பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

சிங்கம் இருந்தது உண்மைதான். மூர் மார்க்கெட்டை ஒட்டி அப்போது மிருகக்காட்சி சாலை. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்று அரசாங்கமே நம்பியது. அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போய்விடுவது நல்லது என்று சொல்லிவிட்டார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று சிங்கம், புலி எல்லாவற்றையும் சுட்டுப் போட்டார்கள். "எங்களை ரயில்ல ஏத்தினாங்க. அதுங்களை ஏத்த முடியாதில்ல" என்பாள் அம்மா. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நான் சிங்கத்துக்காக அழுதிருக்கிறேன். அம்மாவுக்காக அழத் தோன்றியதில்லை.

அப்போது அவளுக்கு 8 வயது. பெற்றவள் முந்தின வருஷம்தான் காய்ச்சலில் போயிருந்தாள். தாத்தாவுக்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் வேலை, அவர் நகர முடியாது. ஒரு தகரப் பெட்டி, அதன் கைப்பிடியில் பெயரும் ஊரும் எழுதிய அட்டை, கோயம்புத்தூர் போகிற ஒரு தெரிந்த குடும்பம். அவர்கள் ஊத்துக்குளியில் இவளை இறக்கிவிட வேண்டும். தாத்தாவின் பெரியப்பா வந்து கூட்டிக்கொண்டு போவார். அம்மாவுக்கு அவர் அப்பாரு முறை. (கொங்கு நாட்டில் அப்பாவைப் பெற்றவர் அப்பாரு, அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி. 'தாத்தா' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும்.)

அவர் வருவார் என்று தாத்தா நம்பியதே அதிசயம். இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. பொதுக் கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறைத்தண்ணீர் என்று அண்ணன் தம்பிக்குள் ஆரம்பித்த சண்டை. தம்பி செத்த அன்றைக்குக்கூட அண்ணன் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போனாராம். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து, பிள்ளையும் இல்லாமல், தோட்டத்துச் சாளையில் (தோட்டத்திலேயே இருக்கிற வீடு) தனியாக இருந்தவர். அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தாத்தா ஒரு தபால் கார்டு போட்டார். பதில் இல்லை. பதில் இல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பிள்ளையை அனுப்பிவிட்டார்.

ஈரோட்டில் இறங்கி, கார் பிடித்து, காங்கேயத்தில் ஒரு லாட்ஜ். போனில் கேட்டபோது லிஃப்ட் இருக்கிறது என்றார்கள். இருந்தது, ஓடவில்லை. இதற்குமேல் எழுதினால் எனக்குக் கோபம் வரும். அம்மா இரண்டு மாடி ஏறினாள்.

நாள் 2: ஊத்துக்குளி

ஊத்துக்குளி என்றால் வெண்ணெய். காலையில் முதல் வேலையாக அரைக் கிலோ வாங்கினோம். லாட்ஜில் வைத்து என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. மதியத்துக்குள் அது வேறு உருவத்துக்குப் போய்விட்டது.

சின்ன ஸ்டேஷன். எக்ஸ்பிரஸ்கள் நிற்காமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகின்றன. அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "இப்படித்தான் பெட்டி மேல உக்காந்திருந்தேன்" என்றாள். கூட்டி வந்த குடும்பம் இறக்கிவிட்டதும் ரயில் போய்விட்டது. யாருமே வரவில்லை. வெயில் ஏறி, நிழல் பெட்டியை விட்டு நகர்ந்து, இவளும் பெட்டியோடு நகர்ந்து. பிறகு ஒரு மொட்டை வண்டி வந்தது. பருத்திக்கொட்டை மூட்டை ஏற்ற வந்த வண்டி. இறங்கியவர் இவளைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார். படிக்கத் தெரியாது. போர்ட்டரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுச் சொன்னது இது: "நெசமாலுமே அனுப்பிப்போட்டானா?"

மூட்டைகளை ஏற்றி முடித்த பிறகுதான் இவளை ஏற்றினார். "மூட்டைக்கு அப்புறம்தான் நானு" என்று அம்மா இன்றைக்கும் குறைப்படுகிறாள். எட்டு வயதில் கேட்ட சொல், எட்டு வயதில் பட்ட வரிசை, அப்படியே இருக்கிறது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு ஏற்பாடே இருந்தது. 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மூன்றே நாளில் குழந்தைகளும் தாய்மார்களுமாகச் சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பினார்கள். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி. கிராமத்துப் பொதுக்கூடத்தில் வரிசையாக நிற்க வைப்பார்களாம். ஊர்க்காரர்கள் வந்து, சந்தையில் கன்று பார்ப்பதுபோலப் பார்த்து, 'இதைக் கொடுங்கள்' என்று கூட்டிப்போவார்கள். தனியாக வந்த ஒரு பிள்ளைக்கு வாரம் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் அரசாங்கம் கொடுத்தது. விருப்பமில்லாமல் கதவைத் திறந்தவர்கள் அங்கேயும் நிறையப் பேர். ஆனால் கொடுக்கச் சொல்ல ஒரு அதிகாரி இருந்தார், கணக்குக் கேட்க ஒரு நோட்டு இருந்தது. நம் ஊரில் எல்லாமே ஒரு தபால் கார்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்பதுதான் இங்கே சட்டம்.

காங்கேயம் திரும்பும் வழியில் நொய்யலைத் தாண்டினோம். அன்றைக்கு ஆற்று மணலில் வண்டியை அவிழ்த்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கையால் ஊற்றுத் தோண்டி இவளுக்கும் குடிக்கக் கொடுத்தாராம். இப்போது கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் பாலத்தைக் கடந்தோம். திருப்பூரின் சாயக்கழிவு இந்த ஆற்றை என்ன செய்தது என்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே கடைசியில் சாயத் தொட்டியாகிப்போன கதை அது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாள் 3: சிவன்மலை

அப்பாருவின் தோட்டத்தை இப்போது வைத்திருக்கிற தோட்டக்காரர் ஒரு விசேஷத்துக்காகத் தாராபுரம் போயிருந்தார், நாளைக்குத்தான் வருவார். அதனால் சிவன்மலை. மேலே வரை கார் போகிறது.

இங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி பிரசித்தம். முருகன் யாராவது ஒரு பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். கோயிலில் பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால், அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்தவர் கனவில் வேறு பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். எந்தப் பொருள் இருக்கிறதோ அதை ஒட்டி நாட்டில் ஏதாவது நடக்கும் என்பது நம்பிக்கை. நடந்த பிறகு பொருத்திப் பார்ப்பதில் நம் ஆட்களை அடிக்க முடியாது. இருந்தாலும் எட்டிப் பார்க்கத் தோன்றத்தான் செய்தது. கூட்டத்தில் அம்மாவை அந்தப் பக்கம் கொண்டுபோக முடியவில்லை.

உண்டியல் முன்னால் அம்மா சுருக்குப்பையைத் திறந்து ஒரு ஓட்டைக் காலணாவை எடுத்தாள். நடுவில் வட்ட ஓட்டை போட்ட காசு. போர்க்காலத்தில் செம்பு மிச்சம் பிடிக்க 1943-இல் அடித்து விட்டார்கள். அப்பாரு அந்தக் காசை நம்பவே இல்லையாம். "ஓட்டையில போன செம்பு எங்கீடா?" என்று சந்தையில் வியாபாரியிடம் சண்டை போடுவாராம். கடைசியில் அவர் கைக்கு வந்த ஓட்டைக் காசையெல்லாம் இவளிடம் தள்ளிவிட்டார். இவள் நூலில் கோத்துக்கொண்டாள். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன மனுஷர், ஒவ்வொரு சந்தைக்கும் எப்படி அத்தனை ஓட்டைக் காசோடு திரும்பி வந்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம். அம்மாவிடம் கேட்டேன். "ஏமாந்திருப்பார்" என்றாள்.

காசை உண்டியலில் போடவில்லை. திரும்பப் பைக்குள் வைத்துச் சுருக்கிவிட்டாள்.

நாள் 4: தோட்டம்

ஊர்ப் பெயரைப் போட வேண்டாமென்று தோட்டக்காரர் கேட்டுக்கொண்டார். நிலம் பல கை மாறி அவரிடம் வந்திருக்கிறது. எங்களுக்கு உறவில்லை. ஐம்பது வயதுக்காரர். காரை விட்டு இறங்கியதும், "வாங்க ஆத்தா, பாத்து வாங்க, கல்லு கெடக்குது" என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, கட்டுத்தாரை இக்கட்டால இருந்துச்சுங்களே?" என்றாள். (மாட்டுத் தொழுவம் இந்தப் பக்கம் இருந்ததே என்று கேட்கிறாள்.)

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எண்பது வருஷமாகச் சென்னைத் தமிழ் பேசுகிறவள். 'ஏனுங்க' என்று அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. அதற்கப்புறம் நாள் முழுக்க அப்படித்தான் பேசினாள்.

சாளை இல்லை. அது இருந்த இடத்தில் கொப்பரை காயப்போடும் களம். கிணறு இருக்கிறது, தண்ணீர் இல்லை. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் கிடையாது. பவானிசாகர் அணை வேலை முடிந்ததே 1955-இல். கிணறு, அதை விட்டால் மழை. கிணற்றில் கவலை இறைத்தார்கள். இரண்டு காங்கேயம் எருதுகள் சரிவில் இறங்க, தோல்பறி தண்ணீரோடு மேலே வரும். மாடு பின்னால் நடந்து மேலேற, பறி கீழே போகும். சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார், அவர் பாரமும் சேர்ந்து இழுக்கும். அப்பாரு மடியில் அம்மா உட்காருவாள். காலையிலிருந்து வெயில் ஏறும்வரை, மேலேயும் கீழேயும், நூறு தடவை.

"அவர் மடியில நீயா ஏறி உக்காந்தியா, அவர் தூக்கி வெச்சாரா?"

"ரெண்டாளு பாரம் இருந்தா மாட்டுக்குச் சுளுவுன்னு சொன்னார்."

வந்த புதிதில் இவ்வளவு சுமுகமில்லை. அரிசிச்சோறு தின்று வளர்ந்த பிள்ளைக்கு ராகிக்களி தொண்டையில் இறங்கவில்லை. மூன்று நாள் வட்டிலைத் தள்ளிவிட்டாள். "பசிச்சாத் திங்கும்" என்றார். 'அது' என்றுதான் பேச்சு. 'அது எந்திரிச்சிருச்சா', 'அதுக்குப் பேன் பாக்கச் சொல்லு'. நான்காம் நாள் ஊருக்குள் போய் யாரிடமோ படி அரிசி வாங்கி வந்தார். பல வருஷமாகப் பேசாத பங்காளி வீடு அது என்று அம்மாவுக்குப் பின்னால்தான் தெரியும். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு ஆக்கி, வெண்ணெயை வழித்துப் போட்டு, "இதுக்கு ஆகற செலவுக்கு ஒரு எருமை வாங்கிப்போடலாம்" என்று திட்டிக்கொண்டே வைத்தாராம். 'அது' எப்போது 'அம்மணி' ஆனது என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். ஒருநாள் பார்த்தால் அம்மணியாக இருந்ததாம்.

விமானச் சத்தம்தான் பெரிய தொந்தரவு. சென்னையில் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள்: சங்கு ஊதினால் குழிக்குள் படு, காதில் பஞ்சை அடை. இங்கே எங்கேயோ உயரத்தில் ஒரு விமானம் முனகிக்கொண்டு போனாலும் இவள் ஓடிப்போய் மாட்டுத்தொட்டிக்குப் பின்னால் புகுந்துகொள்வாள். ஒரு தடவை காளை மிரண்டு மிதித்திருக்கும், மயிரிழையில் தப்பினாள். அன்று ராத்திரி அவர் கேட்டார்: "பட்டணத்துல ஏரோப்பிளான் வந்தா என்ன பண்ணச் சொன்னாங்க?" இவள் குழியைப் பற்றிச் சொன்னாள். எத்தனை ஆழம் என்றார். இவள் எழுந்து நின்று, தன் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினாள்.

இரண்டு நாள் கழித்துக் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) பெரிய வெள்வேல மரத்தடியில் குழி வெட்ட ஆரம்பித்தார். சுக்கான்பாறை, கடப்பாரை தெறிக்கும் பூமி. ஒரு வாரம் ஆனது. எதற்கு என்று கேட்டதற்கு, "கம்பு கொட்டி வெக்கோணும். ரங்கூன் அரிசி நின்னுபோச்சு. இனிக் கம்புக்கு வெல வரும்" என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போய், பர்மா அரிசி வரத்து நின்றுபோயிருந்தது. மண்ணைத் தோண்டித் தானியம் கொட்டி மூடி வைப்பதும் இங்கே வழக்கம்தான்.

கூட வெட்டியவர் பண்ணையத்து ஆள் ஒருவர். பாதிக்கு மேல் வெட்டியது அவராகத்தான் இருக்கும். அவர் பெயர் அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. காளை மாடுகள் இரண்டின் பெயரும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அது உறுத்தியது, எழுதி வைக்கிறேன்.

அந்த வருஷக் கம்பு மொடாவுக்கும் குதிருக்கும் போனது. குழி காலி. அடுத்த வருஷமும் காலி. விமானம் வந்தால் அம்மா அதற்குள் ஓடி ஒளிந்துகொள்வாள். பனையோலைத் தடுக்கை இழுத்து மூடிக்கொள்வாள். ஆகஸ்டு கடைசியில் சூலூர் விமானதளத்துக்குத் தீ வைத்தார்கள் என்று சேதி வந்தபோது, "கொட்டாயே எரிஞ்சுபோச்சாம், இனி வராது போ" என்று அவர் வந்து சொன்னார். அப்புறமும் வந்தது. இவளும் ஒளிந்தாள். அவர் வந்து தடுக்கைத் தூக்கி, "கம்புக் குழிக்குள்ள உனக்கு என்ன வேல?" என்று கத்துவார்.

இந்தக் கதையை அம்மா எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள், தன்னுடைய குறும்புக் கதையாக. அப்பாருவின் கம்புக் குழியைத் தான் திருட்டுத்தனமாகப் பிடித்துக்கொண்ட கதை.

இன்றைக்கு அதைப் பார்க்கத்தான் வந்தோம். இருக்குமா என்று சந்தேகம். தோட்டக்காரர், "இருக்குதுங்க ஆத்தா. கொறங்காட்டுல நாங்க ஏரு ஓட்டறதில்ல, அப்புடியே கெடக்குது" என்றார். கிளுவை வேலிக் கடவைத் திறந்து, கொழுக்கட்டைப் புல்லுக்குள் நடந்தோம். பழைய மரம் பட்டுப்போய், அதன் தூரிலிருந்து கிளம்பிய மரமே பெரிதாகி நிற்கிறது. குழி முக்கால்வாசி தூர்ந்திருந்தது. சருகும் ஒரு பிளாஸ்டிக் குடமும் கிடந்தன. தோட்டக்காரரின் பேரன் உள்ளே குதித்துச் சருகைத் தள்ளினான். எட்டு ஒன்பது வயது இருக்கும்.

அப்போதுதான் பார்த்தேன். ஒரு பக்கச் சுவரில் மூன்று படி. பாறையைக் கொத்தி வெட்டியது. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம்கூட இல்லை. பெரியவர்கள் கால் வைத்தால் இடறும்.

"என்ற அப்பனும் இத கம்புக் குழின்னுதான் சொல்லுவாருங்க" என்றார் தோட்டக்காரர். "ஆனா எனக்கு ஒண்ணு வெளங்கறதில்லீங்க. குழி வெட்டறவன் களத்து மேட்டுல வெட்டாம மரத்தடியில எதுக்கு வெட்டறான்? வேரு வழியா ஈரம் எறங்குனா அத்தனையும் முளைச்சுப்போகும். அப்பறம், கம்புக் குழிக்கு எதுக்குங்க படி?"

அம்மா பதில் சொல்லவில்லை. வேலி ஓரமாகக் கிடந்த கல்லில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "ஏரோப்பிளான் போனதுக்கு அப்புறம்தான்டா வந்து திட்டுவார்" என்றாள். "சத்தம் இருக்கற வரைக்கும் வந்ததே இல்ல."

அப்புறம் அடியில் வைக்கோல் இருக்கும் என்றாள். புது வைக்கோல். யார் போட்டது என்று யோசித்ததே இல்லையாம். ஒரு சொம்பில் தண்ணீர் இருக்கும்.

அவளுக்கு அவர்மேல் ஒரு தீராத வருத்தம் உண்டு. 1943 அக்டோபரில் ஒரு ராத்திரி ஒரே ஒரு ஜப்பான் விமானம் சென்னைமேல் குண்டு போட்டுவிட்டுப் போனது. பெரிய சேதமில்லை என்றாலும் தாத்தா பயந்து மேலும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டார். 1944 கடைசியில் வந்து கூட்டிப்போனார். வண்டி கட்டி நிற்கிறது, பெட்டி ஏற்றியாயிற்று, அப்பாரு கவலை ஓட்டிக்கொண்டிருக்கிறார். நிறுத்தவில்லை. இவள் கிணற்று மேட்டுக்கு ஓடினாள். "மாடு நிக்காது, போ" என்றார். அவ்வளவுதான். விட்டது சனி என்று நினைத்தார் போல என்பாள் அம்மா. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பதினாறு வயதில் தந்தி வந்தது. தாத்தா மட்டும் போய் வந்தார்.

கவலை மாட்டை நிறுத்த முடியாதா என்று தோட்டக்காரரிடம் தனியாகக் கேட்டேன். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவர் வீட்டில் கவலை ஓட்டியிருக்கிறார்கள். "ஓன்னு ஒரு சத்தம் குடுத்தா நின்னுக்குமுங்க" என்றார். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும், நூறு தடவை மடியில் உட்கார்ந்து போனவள்.

கிளம்பும்போது பையனைக் கூப்பிட்டு, "சாமி, உள்ள எறங்கி உக்காரு பாக்கலாம்" என்றாள். அவன் படியில் தடதடவென்று இறங்கி உட்கார்ந்துகொண்டான். படி அவன் காலுக்குச் சரியாக இருந்தது. இப்போது தூர்ந்துபோனதால் தலை வெளியே தெரிந்தது.

"என்னத் தெரியுதா?"

"தெரியுதுங்க."

"இன்னுஞ் சித்த குனி."

குனிந்தான். "இப்பத் தெரியலீங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

நாள் 5: திரும்பும் வழி

தோட்டக்காரர் வீட்டிலிருந்து கச்சாயமும் ஒரு சீசா நெய்யும் கொடுத்துவிட்டார்கள். ஈரோட்டில் ரயில் நாற்பது நிமிஷம் தாமதம். அம்மா இந்தத் தடவை வீல்சேரில் உட்கார்ந்தாள், கேட்காமலே.

சேலம் தாண்டி இருட்டிய பிறகு, தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "படி மூணாடா இருந்துச்சு, நாலா?" என்றாள்.

"மூணும்மா. நான் எண்ணினேன்."

"ஒண்ணு மண்ணுக்குள்ள இருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.